ஆறு வருடம் ஜிசியோடு: எப்போதும் 100 என்று வரும் கணக்கு

விலங்குக் கொழுப்புகளின் கொழுப்பு அமிலங்களை அளக்க ஆறு வருடமாக ஒரே ஜிசியைத்தான் (கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவி) ஓட்டுகிறேன். எஃப்ஐடி (சுடர் அயனியாக்க) உணரி, 100 மீட்டர் சயனோபுரொப்பைல் காலம் (column, கலவையைப் பிரிக்கும் மெல்லிய குழாய்). மாதிரி ஊசி துளைக்கும் மூடியான செப்டம், அதற்குக் கீழுள்ள கண்ணாடிக் குழாயான லைனர் இரண்டையும் நேரத்துக்கு மாற்றினால் கருவி தன் பாட்டுக்கு ஓடும். அதைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை.

என்னைப் படுத்தியதெல்லாம் அதற்கு முந்தைய வேலை, அதாவது கொழுப்பை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டராக மாற்றுவது. அங்கே தவறினால் முடிவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு அமிலத்துக்கும் வரைபடத்தில் எழும் பீக்கின் (முகட்டின்) பரப்பு மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று பார்க்கும் கணக்கில் ஒன்று தொலைந்தால் மற்றதெல்லாம் கொஞ்சம் பெருத்துக்கொள்ளும், கூட்டினால் 100தான் வரும்.

முதல் அடி வெண்ணெய்க் கொழுப்பில். கரைப்பானை நைட்ரஜன் ஊதி வற்ற வைத்தேன். 4 கார்பன் பியூட்டிரிக் அமிலத்தின் எஸ்டரும் கூடவே பறந்துவிட்டது. 3 அல்லது 4 விழுக்காடு இருக்க வேண்டியது பெயருக்குக்கூட இல்லை. அப்புறம் வற்ற வைப்பதையே விட்டுவிட்டேன்.

அடுத்தது உள் தரப்பொருள், அதாவது ஒப்பிட்டு அளப்பதற்காக மாதிரியில் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள். பன்றிக் கொழுப்புக்கு 17 கார்பன் அமிலத்தைச் சேர்த்துப் பழகியிருந்தேன். அதே கையோடு மாட்டுக் கொழுப்புக்கும் சேர்த்தேன். அசைபோடும் விலங்குகளின் கொழுப்பில் அந்த அமிலம் இயல்பாகவே சுமார் 1 விழுக்காடு உண்டு! தரப்பொருளின் பீக் ஊதிப்போய், மொத்தக் கொழுப்பு குறைவாகக் கணக்காகியது. இப்போது 19 கார்பன்.

பழைய, சிக்குப் பிடித்த கொழுப்பு என்றால் மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதாது. அதில் கொழுப்பிலிருந்து பிரிந்து தனித்திருக்கும் அமிலங்களை அது எஸ்டராக்காது. போரான் டிரைபுளோரைடு அதையும் மாற்றும், ஆனால் மாட்டுக் கொழுப்பில் உள்ள சிஎல்ஏ (CLA) என்ற கொழுப்பு அமிலத்தின் வடிவத்தைக் குலைத்துவிடும். அதனால் மாதிரியைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்கிறேன். உறைந்த கட்டியில் ஒரு மூலையைச் சுரண்டி எடுப்பதும் இல்லை, முழுவதும் உருக்கிக் கலக்கிய பிறகே எடுக்கிறேன். (ஒருமுறை யாருக்கும் அடையாளம் தெரியாத பீக் ஒன்று என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. கடைசியில் பார்த்தால், கெடாமலிருக்க நானே போட்ட பிஎச்டி (BHT) என்ற பாதுகாப்புப் பொருள்.)

அந்த 100 மீட்டர் காலம் குழாயால் வந்த ஒரே சலிப்பு நேரம், ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். பன்றிக் கொழுப்பில் ஒலீயிக், பால்மிட்டிக், ஸ்டீரிக் அளவுகள் மட்டும் வேண்டுமென்றால் 30 மீட்டர் வேக்ஸ் வகைக் குழாயே தாராளம். ஆடு, மாட்டுக் கொழுப்பில் டிரான்ஸ் அமிலங்களைப் பிரிக்க வேண்டுமானால் சரி, அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.