காங்கேயம் பக்கம் ஒரு தோட்டம்: மாடு, மூலிகை, கம்மஞ்சோறு

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போய் ஒரு மண் தடத்தில் திரும்ப வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. கிளுவை வேலிக்கு நடுவே ஒரு கடவு. உள்ளே போனால் ஓட்டுச் சாளை (தோட்டத்து வீடு), அதை ஒட்டிக் கட்டுத்தரை, பின்னால் சோளத்தட்டுப் போர். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போக வெளியாட்களைச் சனி, ஞாயிறு மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள், ஒரு நாளைக்கு இரண்டு குடும்பங்களுக்கு மேல் இல்லை. காலை ஆறரைக்கு வந்துவிட வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி வாக்கில் கிளம்பலாம். பெரியவர்களுக்கு 700 ரூபாய், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. பெயரையும் போன் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று அந்த வீட்டு அம்மா கேட்டுக்கொண்டார். கூட்டம் சேர்ந்தால் தோட்ட வேலை கெடும் என்பது அவர் கவலை. அதனால் போடவில்லை. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் விசாரித்தால் இப்படி நாலைந்து குடும்பங்கள் கண்ணில் படும். போகும் இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவாவது இது உதவும்.

நாங்கள் ஈரோட்டில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறோம். கடைக்கு வருவதெல்லாம் காய்ந்த சரக்கு. பச்சையாக நிற்கும் செடியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. என் மாமனார் கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில் வெகுகாலம் தரகு பார்த்தவர். காங்கேயம் மாடு என்றால் சோற்றை மறந்துவிடுவார். ஆக, செடியை நானும் மாட்டை அவரும் பார்த்துக்கொண்டோம்.

போனது ஐப்பசியில். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது.

முதலில் பால் கறக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். எங்களுக்காக நேரத்தை மாற்றவில்லை, நாங்கள் வந்ததற்காக ஒரு மாட்டைத் தனியாகப் பிடித்துக் கட்டவும் இல்லை. கன்றை அவிழ்த்துவிட்டு ஊட்டவிட்டு, பால் இறங்கிய பிறகுதான் கறந்தார் அந்த அம்மா. காங்கேயம் பசு கன்று முட்டாமல் பால் விடாது. இரண்டு காம்பை எங்களுக்கு முன்னால் கறந்து, மீதி இரண்டைக் கன்றுக்கே விட்டுவிட்டார். சொம்பு கூட நிறையவில்லை. இந்த இனம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கொடுத்தாலே பெரிது; உழவுக்கும் வண்டிக்கும் என்று வளர்த்த மாடு இது. பிள்ளைகளைக் கறக்கச் சொல்லிப் படம் எடுக்கும் பழக்கம் இங்கே இல்லை. என் மகள் கேட்டதற்கு, “அது உன்னைய அறியாது கண்ணு, உதைச்சுப்போடும். கன்னுக்குட்டியத் தடவிக் குடு, போதும்” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே மரியாதை வந்துவிட்டது.

சாம்பல் கலந்த வெள்ளையான மயிலைப் பசுவுக்குப் பக்கத்தில் செங்காவிக் கன்று நிற்பதைப் பார்த்து, “இது வேற மாட்டோட கன்னுங்களா?” என்று என் மகன் கேட்டான். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாகத்தான் இருக்கும். ஆறு மாத வாக்கில் நிறம் வெளுத்து மயிலையாகும். காளையாக விட்டால் வயது ஏற ஏறத் திமில், கழுத்து, பின்தொடை எல்லாம் கருத்துவிடும். காயடித்த எருதுக்கு அந்தக் கருமை நிற்காது. இதை விளக்கியது வீட்டு மகன் இல்லை, என் மாமனார். கட்டுத்தரையில் நின்ற பொலிகாளையின் முன்னால் போய் நின்றவர் வெகுநேரம் அசையவில்லை. அப்புறம் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து பெருக்கிய கதையில் ஆரம்பித்து, சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது வரை பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுப் பெரியவரும் அவர் துண்டுக்குள் கையைவிட்டு அந்தக் காளைக்கு ஒரு விலை கேட்டார். என்ன விலை என்று எங்கள் யாருக்கும் இரண்டு பேரும் சொல்லவில்லை.

அடுத்தது கொறங்காடு. பணம் கொடுத்ததற்கு இது ஒன்றே போதும் என்பேன். கொறங்காடு என்றால் சும்மா கிடக்கும் தரிசு என்று நினைத்துவிடக் கூடாது. செம்மண்ணும் சரளையுமான மானாவாரி நிலத்தைச் சுற்றிலும் கிளுவை நட்டு உயிர்வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக வளர்த்து வைத்திருக்கிற மேய்ச்சல் நிலம். கிளுவைக் குச்சியை வெட்டி மழைக்கு முன்னால் நட்டால் தானே வேர்விட்டுக்கொள்ளும். முள்ளும் கிளையும் பின்னிக்கொண்டால் ஆடு தாண்டாது. கடவைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு பக்கம் புல் தீர்ந்தால் அடுத்த பக்கத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். கோடையில் புல் காய்ந்துபோகும் நேரத்தில் வெள்வேலங்காய் உதிரும். அதைத் தின்ற ஆடும் மாடும் போடும் சாணத்தில், புழுக்கையில் விதை விழுந்து மரம் தானாக முளைக்கும். மழை குறைந்த இந்த மண்ணில் ஒரு குடும்பம் மாட்டையும் ஆட்டையும் வைத்துப் பிழைப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

வீட்டு மகன் ஒரு புல் கட்டையைப் பிடுங்கி வேரைக் காட்டினார். அதன் கட்டு எவ்வளவு இறுக்கம் என்று இழுத்துப் பார்க்கச் சொன்னார். மேச்சேரி ஆடுகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் கிட்டேயே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார், சினையாடு இருக்கிறதாம். என் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு இல்லை.

மூலிகைக்கு வருகிறேன். கிணற்று மேட்டை ஒட்டி ஒரு துண்டு நிலத்தில் வைத்திருக்கிறார்கள். தூதுவளை, ஆடாதோடை, பிரண்டை, முடக்கத்தான், கற்பூரவல்லி, நொச்சி, கற்றாழை, வெட்டிவேர் என்று நாம் எதிர்பார்ப்பது எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது வேலியோரம் தானாக நின்றவைதான். ஆவாரை கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. குப்பைமேனி, கீழாநெல்லி, நன்னாரிக் கொடி எல்லாம் நடாமலே வந்தவை. நன்னாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைகளுக்கு நன்னாரி என்று வரும் தடித்த வேர் பெரும்பாலும் மாகாளி வேர். வாசனை கிட்டத்தட்ட ஒன்றுதான், செடி வேறு. நாட்டு நன்னாரியின் வேர் மெல்லிய கயிறு போல இருக்கும். இலை நீளமாக, நடு நரம்பு வெளுத்துத் தெரியும். வீட்டு ஆத்தா ஒரு சின்ன வேரைக் கீறி என் மகள் கையில் தேய்த்துவிட்டார். பாட்டில் சர்பத்தையே நன்னாரி என்று நினைத்திருந்த பிள்ளை, வீடு வரும்வரை கையை மோந்துகொண்டே வந்தாள்.

ஆத்தாவுக்குத் தெரிந்தது எல்லாம் கைவழியாகத் தெரிந்தது. பிரண்டையைத் தொடும் முன் உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டார், நார் உரிக்கும்போது அரிப்பு வராமல் இருக்க. தூதுவளை இலையின் முள்ளைக் கத்திரிக்கோலால் நறுக்காமல் நகத்தாலேயே கிள்ளி எடுத்தார். எதைக் கேட்டாலும் “இதைய ரசம் வெப்போம்”, “இதையத் தொவையல் அரைப்போம்” என்றுதான் பதில். நோய் தீரும் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

வீட்டு மகன் அப்படி இல்லை. கீழாநெல்லியைக் காட்டி, மஞ்சள் காமாலைக்கு வேறெதுவுமே வேண்டியதில்லை என்று இன்னொரு குடும்பத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதை நான் அங்கேயே மறுத்தேன், இங்கேயும் மறுக்கிறேன். காமாலை பல காரணத்தால் வரும். ரத்தம் பார்க்காமல், டாக்டரிடம் போகாமல் கீரையை நம்பி உட்கார்ந்தால் ஈரல் போய்விடும். மூட்டையில் கீழாநெல்லி என்று வருவதில் வேறு நெல்லிச் செடிகள் கலந்து வருவது எங்கள் தொழிலில் தினம் பார்ப்பது. கடையில் உட்கார்ந்திருக்கும் நானே முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறேன். அவர் மறுத்துப் பேசவில்லை, கேட்டுக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம் செடியையும் சமையலையும் சொன்னால் போதும். வைத்தியம் சொல்ல வேண்டாம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறார்கள். மூலனூர், தாராபுரம் பக்கம் இது முக்கியமான பணப்பயிர். நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான். இந்தப் பருவத்தில் காலையில் பெண்கள் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைக் கையால் ஒற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால்தான் காய் நிறையப் பிடிக்கும். விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள், கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்குக் கொடுக்கும் மருந்து. பார்க்கப் பார்க்கத் தீராத அழகு, ஆனால் கிழங்கு, விதை, இலை எல்லாம் கொடிய விஷம். உயிரையே எடுக்கும். தொடாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னார்கள், உண்மை. ஆனாலும் நாங்கள் நடந்த வரப்புக்கும் அந்தப் பாத்திக்கும் நடுவே ஒரு கயிறுகூட இல்லை. சிவப்பும் மஞ்சளுமாகப் பூ ஆடும்போது மூன்று வயதுப் பிள்ளை சொன்னதைக் கேட்குமா? அந்தப் பக்கம் ஒரு படலாவது கட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் அங்கே பிள்ளையின் கைப்பிடியை விட்டுவிட வேண்டாம்.

இனி சாப்பாடு. ஒன்பது மணிக்குத் திண்ணையில் உட்காரவைத்துக் கம்மஞ்சோறு. முதல் நாள் ஆக்கி உருட்டி நீரில் போட்டதை மோர்விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் தொட்டுக்கொள்ள. கம்பின் புளிப்பு நாக்கில் நிற்கும், அதன் மேல் வெங்காயக் காரம். இரண்டு சொம்பு குடித்துவிட்டுத்தான் கொறங்காட்டுக்கு நடந்தோம், மதியம்வரை பசிக்கவே இல்லை.

நடந்துவிட்டு வந்ததும் சுவை பார்க்கச் சின்னச் சின்ன தட்டில் வந்தவை முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், தூதுவளை ரசம். முடக்கத்தானை மாவோடு அரைத்துப் புளிக்கவிட்டிருந்ததால் அதன் கசப்பு அடங்கி, வாசனை மட்டும் நின்றது. பிரண்டைத் துவையலில் புளி கொஞ்சம் தூக்கல். அது வேண்டும்தான், புளி சேர்ந்தால்தான் தொண்டை அரிக்காது. பிறகு சுடுசோற்றை நான்கு உருண்டையாக வைத்து, ஒன்றில் கடலெண்ணெய், ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் நெய். உப்பு மட்டும் தூவிச் சாப்பிட வேண்டும். சொந்தக் காட்டில் விளைந்த கடலையும் எள்ளும், ஊரில் மரச்செக்கில் ஆட்டியது. எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெயில் அந்த மெல்லிய இனிப்பு அடித்தொண்டையில் தெரிகிறது. நெய்யைக் காய்ச்சி இறக்கும்போது அதில் ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டிருந்தார்கள். பொரிந்த அந்தக் கீரைக்குப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். எண்ணெய் வியாபாரமும் பார்க்கிற எனக்கே இப்படி அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தது புதிது. கடையில் இதைச் செய்யப் போகிறேன்.

மதியம் அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளுப்பருப்பு, அந்தக் கொள்ளுத் தண்ணியில் வைத்த ரசம், அவரைக்காய்ப் பொரியல், தயிர், கச்சாயம் என்னும் எண்ணெய்ப் பலகாரம். கொள்ளைக் கொத்துமல்லி விதை, பூண்டு, வரமிளகாயோடு ஆட்டுக்கல்லில் கரகரப்பாக ஆட்டியிருந்தார்கள். மிக்ஸியில் இந்தப் பதம் வராது, வந்ததாக நான் பார்த்ததில்லை. கச்சாயம் மட்டும் எண்ணெய் குடித்திருந்தது. கறி கிடையாது, கேட்டாலும் செய்து தருவதில்லை.

வசதி பற்றி: கழிப்பறை ஒன்றுதான், சுத்தமாக இருக்கிறது, இந்திய முறை மட்டும். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மாமனாருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. கொறங்காட்டில் வெள்வேல நிழல் சல்லடை நிழல். தொப்பி, குடை எடுத்துப் போங்கள். செருப்பு போதாது, ஷூ வேண்டும், முள் அப்படி. கார் மண் தடத்தில் வரும், மழை நாளில் மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் போனால் புல் பச்சையாக இருக்கும், கண்வலிப் பூவும் இருக்கும். சித்திரையில் போகிறவர்கள் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுத் தாவணியையும் (திருவிழா மாட்டுச்சந்தை) சேர்த்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பழையகோட்டையில் காங்கேயம் மாட்டுக்கென்றே சந்தை கூடுகிறது, அது காலையிலேயே முடிந்துவிடும். அதனால் சனிக்கிழமை தோட்டத்துக்குப் போய்விட்டு, காங்கேயத்தில் தங்கி மறுநாள் விடிய சந்தைக்குப் போவது நல்லது. எண்ணெய், நெய் வாங்குவதாக இருந்தால் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோங்கள், அவர்கள் பிளாஸ்டிக்கில் ஊற்றித் தருவதில்லை.