'அக்ரீ' அழுத்தும் முன்: இன்ஸ்டாலருக்குள் ஒளிந்து வரும் விளம்பர மென்பொருள்கள்

வீடியோ பார்க்கவோ பி.டி.எஃப். கோப்பை மாற்றவோ ஓர் இலவச மென்பொருளை இறக்குகிறீர்கள். மறுநாள் பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியிருக்கிறது. எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஒரு தளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. திரை ஓரத்தில் விளம்பரங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. புகார் செய்தால் ஒரே பதில்தான் வரும்: "நீங்கள்தானே சம்மதித்தீர்கள்." அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்ஸ்டால் தொடங்கியதும் உரிம ஒப்பந்தம் ஒன்று வரும், 'ஐ அக்ரீ' அழுத்துவீர்கள். அடுத்த திரையும் அதே வடிவம், அதே எழுத்து, அதே இடத்தில் அதே பொத்தான். ஆனால் அது நீங்கள் கேட்ட மென்பொருளின் ஒப்பந்தம் அல்ல, கூடவே திணிக்கப்படும் டூல்பாருடையது (பிரவுசரின் மேற்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் கூடுதல் பட்டை). 'டிக்லைன்' பொத்தான் மங்கலான சாம்பல் நிறத்தில் இருப்பதால் வேலை செய்யாது என்று நினைத்துவிடுவோம். பெரும்பாலும் அது வேலை செய்யும். அதை அழுத்தினால் கேட்ட மென்பொருளின் இன்ஸ்டால் நிற்காது, கூடுதல் சரக்கு மட்டும் விலகும். 'எக்ஸ்பிரஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'ரெகமண்டெட்' என்று போட்டிருப்பார்கள். 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' எடுத்தால்தான் முன்கூட்டியே டிக் செய்துவைத்த பெட்டிகள் கண்ணில் படும்.

இதன் பின்னால் இருப்பது காசு. ஓர் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று விளம்பர நிறுவனம் கொடுக்கும். கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த விலை 10 சென்ட் முதல் 1.50 டாலர் வரை இருந்ததாகக் காட்டியது. வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட டவுன்லோடு முயற்சிகள் இந்த வழியில் நடந்தன என்பது அதன் மதிப்பீடு. இன்னொரு விஷயமும் முக்கியம்: எல்லோருக்கும் ஒரே சரக்கு வருவதில்லை. இன்ஸ்டாலர் ஓடும்போதே சர்வரைத் தொடர்புகொண்டு, எந்த நாடு, என்ன பிரவுசர், எந்த ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று பார்த்து, எந்தக் கூடுதல் சரக்கை நீட்டுவது என்று தேர்ந்தெடுக்கும். "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று நண்பர் சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள். அவருக்கு வேறு திரை வந்திருக்கலாம்.

பேர்பெற்ற இடம் என்பதும் காப்பு அல்ல. மென்பொருள்களை இறக்கித் தரும் டவுன்லோடு.காம் தளம் 2011-ல் பிறருடைய மென்பொருள்களைத் தன் சொந்த இன்ஸ்டாலரில் சுற்றிக் கொடுத்தது. அப்படிச் சுற்றப்பட்ட என்மேப் என்ற நெட்வொர்க் ஆய்வு மென்பொருளை எழுதியவரே பகிரங்கமாகக் கண்டித்தார். இன்னொரு டவுன்லோடு தளமான சோர்ஸ்ஃபோர்ஜில் 2013 முதல் இதே வகைத் திட்டம் ஓடியது. அதனால் ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் குழு அங்கிருந்து வெளியேறியும், 2015-ல் அதே பெயரில் விளம்பரம் சேர்த்த இன்ஸ்டாலர் அங்கே கிடைத்தது. 2016-ல் உரிமை கைமாறிய பிறகுதான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆரக்கிளின் ஜாவாவுடனேயே பல ஆண்டுகள் ஆஸ்க் டூல்பார் வந்தது.

ஆகவே இறக்கிய கோப்பை உடனே ஓட்டாதீர்கள். முதலில் அளவைப் பாருங்கள். 80 எம்பி இருக்க வேண்டிய மென்பொருள் 2 எம்பி-யில் வந்தால் அது மற்றதைப் பிறகு இழுத்துவரும் தரகர் கோப்பாக இருக்கலாம். நேர்மையான சில மென்பொருள்களும் இப்படி வருவதுண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், அதில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' தாவல். கையொப்பம் மென்பொருள் தயாரிப்பாளரின் பெயரில் இல்லாமல் சம்பந்தமே இல்லாத வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அழித்துவிடுங்கள். பல இன்ஸ்டாலர்களை 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்க மென்பொருள் கொண்டு ஓட்டாமலேயே திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

தேடலில் முதலில் வரும் 'ஸ்பான்சர்ட்' இணைப்பு விளம்பரம்தான். தயாரிப்பாளரின் தளத்துக்கு நேரே போங்கள். அதைவிட நல்லது, கட்டளை வரியிலிருந்து மென்பொருள்களை இன்ஸ்டால் செய்யும் விண்டோஸின் விங்கெட். பதிவு செய்யப்பட்ட ஹாஷ் மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கோப்பு ஒத்துப்போகிறதா என்று அதுவே சரிபார்க்கும். ஆனால் தயாரிப்பாளரே விளம்பரத்தைச் சேர்த்திருந்தால் இந்தச் சரிபார்ப்பு அதைக் காட்டிக்கொடுக்காது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல்', அதற்குள் 'ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' போய், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் இரண்டு பெட்டிகளும் டிக் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டதென்றால் சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். பலர் பிரவுசர் அமைப்பைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். கணினியை மறுபடி இயக்கியதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும், ஏனென்றால் மாற்றி எழுதும் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் உள்ள செயலிப் பட்டியலை இன்ஸ்டால் தேதிப்படி வரிசைப்படுத்தி, அதே நாளில் வந்த தெரியாதவற்றை நீக்குங்கள். பிறகு, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, நீக்கிய செயலியின் பெயரிலோ அதன் ஃபோல்டரைச் சுட்டியோ உள்ள பணிகளை அழியுங்கள். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் என்ற விளம்பர மென்பொருள் நீக்கியை அவர்கள் தளத்திலிருந்தே எடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் பிரவுசர்: எக்ஸ்டென்ஷன்கள், தேடுபொறி, அறிவிப்பு அனுமதிகள். சொந்தக் கணினியின் குரோமில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று காட்டினால் பிரவுசர் அமைப்பைக் கட்டுப்படுத்தும் கொள்கை விதி (பாலிசி) ஒன்றை ஏதோ ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் எழுதும் என்பதால் எந்த விதி என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் 'டார்கெட்' வரியில் .இஎக்ஸ்இ-க்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதையும் வெட்டுங்கள். உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு வழியாகத் திருப்பும் ப்ராக்ஸி அமைப்பைப் பார்க்க மறக்க வேண்டாம்.

கடைசியாக, ரூட் சான்றிதழ்கள்: எந்தத் தளங்களை உண்மையானவை என்று நம்பலாம் என்று கணினி முடிவு செய்ய உதவும் அடிப்படைச் சான்றிதழ்கள். 2015 பிப்ரவரியில் வெளியே வந்த சூப்பர்ஃபிஷ் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். லெனோவோ லேப்டாப்களில் முன்கூட்டியே போடப்பட்ட அந்த விளம்பர மென்பொருள், பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரம் செருகுவதற்காகத் தன் சான்றிதழைப் பதித்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி. அது கையில் கிடைத்தவர் போலி வங்கித் தளத்தைக்கூட உண்மையானது போலக் காட்டலாம். 'மேனேஜ் கம்ப்யூட்டர் செர்டிபிகேட்ஸ்' திறந்து, நம்பகமான ரூட் பட்டியலில் நீங்கள் நீக்கிய மென்பொருளின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அழித்துவிட்டு, கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். அடையாளம் தெரியாத மற்றவற்றைக் கண்டபடி அழிக்காதீர்கள், பல தளங்கள் திறக்காமல் போகும்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலவசமாகக் கொடுத்துவிட்டு வருமானம் தேடுவதில் தவறில்லை. அப்படியானால் டவுன்லோடு பொத்தானுக்கு மேலேயே எழுதுங்கள்: கூட என்ன வருகிறது, யாருடையது, எந்தத் தகவலை எடுக்கிறது, எப்படி நீக்குவது. பெட்டியை டிக் இல்லாமல் வையுங்கள். கூடுதல் சரக்கு இல்லாத இன்ஸ்டாலரையும் அதே பக்கத்தில், அதே அளவுப் பொத்தானில் கொடுங்கள்.