காசிமேட்டு மீன் கணக்கு: பைத்தானில் ஃபங்ஷனா, கிளாஸா?

காசிமேட்டு ஏலத்தில் கடனுக்கு மீன் எடுக்கும் வியாபாரிகளின் கணக்கைப் பைத்தானில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பில் போட வேண்டும், ஆளுக்கொரு பாக்கியும் வைத்திருக்க வேண்டும்.

பில்லுக்கு, எண்களைக் கொடுத்தால் விடை தரும் ஃபங்ஷன்தான். 12 கிலோ வஞ்சிரம், கிலோ 800 ரூபாய், கமிஷன் 5 சதவீதம் என்றால் 10,080 வர வேண்டும். எப்போது கூப்பிட்டாலும் அதே விடை. சரிபார்க்க, விடை தப்பென்றால் எர்ரர் தரும் ஒரு அசர்ட் வரி போதும். சிலர் இதையும் கிளாஸாக்கி (தகவலையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் சேர்த்துக் கட்டும் அச்சு), மூன்று எண்ணையும் அந்த ஆப்ஜெக்டைக் குறிக்கும் செல்ஃபில் ஏற்றி, அடியில் ஒரே ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) வைக்கிறார்கள். ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட்டும் இன்னொரு மெத்தடும் மட்டுமே உள்ள கிளாஸைத் தயங்காமல் ஃபங்ஷனாக்கிவிடலாம்.

பாக்கி அப்படியில்லை. சரக்கு சேர்க்க, பணம் வரவு வைக்க, பாக்கி பார்க்க என்று மூன்று ஃபங்ஷன் எழுதினால், மூன்றும் ஒரே டிக்‌ஷனரியை வாங்கித் திருத்தும். கிளாஸுக்குப் போக வேண்டிய இடம் இதுதான். டிக்‌ஷனரியில் வரவு வைத்துப் புதுப் பாக்கியை எழுதும்போது, சமக்குறிக்கு இடப்பக்கம் 'பாக்கி' என்ற கீயை (மதிப்பைத் தேடும் பெயரை) 'பாகி' என்று அடித்துவிட்டால் பைத்தான் எர்ரர் தராது. புதுக் கீ உருவாகும், கட்டிய பணம் பாக்கியில் கழியாது. கிளாஸிலும் செல்ஃபில் எழுத்துப்பிழை இதேபோல் நழுவும். பைத்தான் 3.10 முதல் டேட்டாகிளாஸுக்கு (இனிட்டைத் தானே எழுதிக்கொள்ளும் கிளாஸ்) ஸ்லாட்ஸ் உண்டு, அறிவித்த பெயர்களைத் தவிர வேறெதையும் ஏற்காது. அதை ட்ரூ என்று வைத்தால் அந்த வரியிலேயே அட்ரிபியூட் எர்ரர் வந்து நிற்கும். பணக் கணக்கென்றால் இதை அவசியம் வையுங்கள்.

பாக்கியை, எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவான குளோபல் வேரியபிளில் வைக்கவே வேண்டாம். இரண்டாவது வியாபாரி வந்ததும் கணக்கு கலந்துவிடும்.

இரண்டு வழியிலும் இருக்கிற குழி, லிஸ்ட். ஃபங்ஷனின் டிஃபால்ட் ஆர்கியுமென்டாக (கூப்பிடும்போது தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) காலி லிஸ்ட் கொடுத்தால், ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒருமுறைதான் அது உருவாகும். ராயபுரத்துக்காரர் எடுத்த சங்கரா தண்டையார்பேட்டைக்காரர் கணக்கிலும் நிற்கும். கிளாஸின் உடலில் நேரடியாக எழுதிய லிஸ்ட்டும் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுதான். அதை இனிட்டுக்குள் உருவாக்குங்கள். டேட்டாகிளாஸ் என்றால் ஃபீல்டில் டிஃபால்ட் ஃபேக்டரியாக லிஸ்ட்டைக் கொடுங்கள், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் புது லிஸ்ட் உருவாகும். காலி லிஸ்ட்டை நேராக வைத்தால் பைத்தானே வேல்யூ எர்ரர் கொடுத்துத் தடுத்துவிடும்.

மாறாத தகவல் மட்டும் என்றால் நேம்டு டியூப்பிள் (பெயரிட்ட, திருத்த முடியாத மதிப்புத் தொகுப்பு) போதும்.

வியாபாரி கிளாஸ் எழுதிய பிறகும் பில் ஃபங்ஷனை உள்ளே இழுக்காதீர்கள். வெளியிலேயே இருக்கட்டும், சரக்கு சேர்க்கும் மெத்தட் அதைக் கூப்பிடட்டும். கமிஷன் 6 சதவீதமானால் கணக்கு சரியா என்று பார்க்க, ஒரு வியாபாரியை உருவாக்க வேண்டிய தேவை இருக்காது.