சேலத்தில் டர்ஃப் பேக்கேஜ்: கொட்டேஷனில் இருப்பதும் இல்லாததும்

"இடத்தை மட்டும் காட்டுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்." டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானம், போட்டுத் தரும் ஒப்பந்தக்காரர்கள் இந்த பேக்கேஜை இப்படித்தான் விற்கிறார்கள். அடித்தளம், செயற்கைப் புல், வலை, லைட், கோல் போஸ்ட் எல்லாம் ஒரே ஆளிடம், ஒரே தொகைக்கு. சேலத்தில் ஒரு சின்ன கால்பந்து கிளப்புக்கு இதில் ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. காந்தி ஸ்டேடியம் அரசுடையது, அங்கே நமக்கென்று தினமும் ஒரு நேரத்தைப் பிடித்து வைக்க முடியாது. பள்ளி, கல்லூரி மைதானங்களில் தேர்வு வந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மணி வாடகை கொடுத்துச் சலித்தவர்கள், "நாமளே பத்துப் பேர் சேர்ந்து ஒண்ணு போட்டா என்ன?" என்று தொடங்குகிறார்கள்.

ஒப்பந்தக்காரர் யாராக இருந்தாலும் கொட்டேஷன் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வருகிறது. அதனால் இது எந்தக் கம்பெனியைப் பற்றிய விமர்சனமும் அல்ல, அந்தப் பேக்கேஜைப் பற்றியது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: புல் விஷயத்தில் தேறுகிறது, தண்ணீர் வடிப்பதில் பாதி மார்க். பணக் கணக்கு பேக்கேஜில் கிடையவே கிடையாது. பெரும்பாலான மைதானங்கள் மூடப்படுவது அந்த மூன்றாவதில்தான்.

கொட்டேஷனின் முதல் வரி அளவு. வழக்கமாக 100க்கு 60 அடி, அதாவது 6,000 சதுர அடி, சுமார் 557 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் 14க்குச் சற்றுக் குறைவு. வண்டி நிறுத்தவும் வலைக்கு வெளியே நடக்கவும் சேர்த்து 20 சென்ட் இல்லாமல் இறங்க வேண்டாம். இந்த 60 அடியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. செயற்கைப் புல் பெரும்பாலும் 4 மீட்டர் அகல ரோலாக வருகிறது. 60 அடி என்பது 18.3 மீட்டர். ரோலை நீளவாக்கில் விரித்தால் ஐந்து ரோல் வேண்டும், 610 சதுர மீட்டர் புல்லுக்குப் பணம் கட்டி 50க்கு மேல் வெட்டி எறிய வேண்டும். குறுக்கே விரித்தால் எட்டுத் துண்டு, 585 சதுர மீட்டர். சேதாரம் பாதியாகும், ஆனால் ஒட்டு கூடும். இடம் நம் கையில் இருந்தால் அகலத்தை 16 அல்லது 20 மீட்டராக வைத்துவிடுவதே புத்திசாலித்தனம். சேதாரம் யார் தலையில் என்பது கொட்டேஷனில் எழுதியிருக்காது. கேட்டு எழுத வைக்க வேண்டும்.

அடுத்து அடித்தளம். மைதானம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். மேல்மண்ணை வழித்து, ரோலர் ஓட்டி, ஜல்லியும் அதன்மேல் கிரஷர் டஸ்ட் என்ற கல்தூளும் போடுவது சரியான முறை. ஆறு அங்குல ஜல்லி என்றால் 6,000 சதுர அடிக்கு 3,000 கன அடி, லாரிக் கணக்கில் 30 யூனிட். ரோலர் ஓடினால் அமுங்கும் என்பதால் 38 யூனிட் வரை இறக்க வேண்டியிருக்கும். டஸ்ட் இரண்டு அங்குலத்துக்கு 10 யூனிட், அமுங்குவதையும் சேர்த்தால் 12, 13. கொட்டேஷனில் "அடித்தள வேலை, முழுவதும்" என்று ஒரே வரியில் இருந்தால் இந்த எண்களை வைத்துப் பேசுங்கள். வந்து இறங்கும் லோடை எண்ணிப் பார்க்க ஓர் ஆள் நிற்பதும் வீண்போகாது. கரிசல் நிலமாக இருந்தால் வெறும் ஜல்லி போதாது. கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் அது. மேலாக ஒன்றரை அடியாவது எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பாமல் போட்டால் இரண்டாவது வருடமே தரை அலை அலையாகிவிடும்.

சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று சிலர் கான்கிரீட் தளம் போட்டுத் தருகிறார்கள். சமமாக இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலே ஓடியே போக வேண்டும். முழங்காலும் பழிவாங்கும். கான்கிரீட் என்றால் அதன்மேல் அதிர்வைத் தாங்கும் மெத்தை, ஷாக் பேட், கட்டாயம். அதைச் சேர்த்தால் மலிவு என்ற பேச்சே போய்விடும்.

வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, நடுவிலிருந்து இரு பக்கமும் நூற்றுக்கு ஒன்று. 60 அடி அகலத்தில் நடுப்பகுதி ஓரத்தைவிட மூன்றரை அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். நூல் கட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். புல் விரித்த பிறகு பார்த்துப் பயனில்லை. கன்னங்குறிச்சி, அடிவாரம் பக்கம் இடம் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: சேர்வராயன் மலைச்சரிவில் ஒரு நல்ல மழை பெய்தால் வருவது தண்ணீர் மட்டும் அல்ல, செம்மண்ணும்தான். அந்த வண்டல் புல்லின் அடிப்பாகத்தில் இருக்கும் வடிகால் துளைகளை அடைத்துவிட்டால் அதை எடுக்க வழியே இல்லை. மேட்டுப் பக்கம் ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிட வேண்டும். இந்த வாய்க்காலை எந்த பேக்கேஜும் தானாகச் சேர்ப்பதில்லை. திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான இடங்களில் வாய்க்காலும் காப்பாற்றாது, வேறு இடம் பாருங்கள்.

புல்லைப் பற்றி விற்பவர்கள் வாயில் வருவது இரண்டே எண்: 50 மில்லிமீட்டர் உயரம், டிடெக்ஸ் இவ்வளவு. டிடெக்ஸ் என்பது இழையின் கனம். அது பெரிதாக இருந்தும் தையல் இடைவெளி அகலமாக இருந்தால் புல் வழுக்கைத்தலையாகத்தான் இருக்கும். சதுர மீட்டருக்கு எத்தனை தையல் என்று கேளுங்கள், அடுத்து அடிப்பூச்சு லேடெக்ஸா பாலியூரித்தேனா என்று கேளுங்கள். கையில் தரும் சாம்பிள் துண்டில் ஒரு கொத்து இழையைக் கொறடால் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அந்த ரோல் வேண்டாம். ஃபிஃபா சான்று என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அந்தச் சான்று போட்டு முடித்த மைதானத்தைச் சோதித்துத் தருவது. அதில் இரண்டு தரம்: 'குவாலிட்டி புரோ'வை ஆண்டுதோறும், 'குவாலிட்டி'யை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ரோல் தயாரித்த கம்பெனிக்கு எங்கேயோ கிடைத்த சான்று நம் மைதானத்துக்கு ஒட்டாது.

புல்லுக்குள் கொட்டும் மணலும் ரப்பரும்தான் பேக்கேஜில் முதலில் வெட்டப்படுபவை. 50 மில்லிமீட்டர் புல்லுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ சிலிக்கா மணல், 10 கிலோ ரப்பர் துகள் என்று வைத்தால், நம் அளவுக்கு எட்டு டன்னுக்கு மேல் மணலும் ஐந்தரை டன் ரப்பரும் ஆகிறது. இதில் பாதி போட்டாலும் திறப்பு விழாவில் யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் இழைகள் படுத்துவிடும், பந்து கட்டாந்தரையில் போவதுபோல் போகும். மணல் உருண்டையாக, கழுவியதாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் கொட்டினால் அதன் கூர்முனைகள் இழையை அடியிலேயே அறுக்கும். ஒட்டுகளுக்கு அகலமான டேப்பும் இரண்டு பாக பாலியூரித்தேன் பசையும் வேண்டும். ஈரத்தில் அந்தப் பசை சரியாகப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் புல் ஒட்ட வருகிறேன் என்பவரை தை வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்கள்.

லைட், வலை இரண்டிலும் பேக்கேஜ் பொதுவாகச் சரியாகவே செய்கிறது. 200 வாட் எல்இடி பன்னிரண்டு என்றால் மொத்தம் 2.4 கிலோவாட், ஆறு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 14.4 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 4,320. கரண்ட் பில்லைக் கண்டு பயப்படுபவர்கள் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: கால்பந்துக்காகப் போடும் மைதானத்துக்குச் சோறு போடுவது வலைக்குள்ளேயே ஆடும் பாக்ஸ் கிரிக்கெட்தான். பேட்ஸ்மேன் நிற்கும் இடம்தான் முதலில் தேயும். அதே லாட்டில் ஒரு 4 மீட்டர் துண்டைக் கூடுதலாக வாங்கி நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாங்கினால் நிறம் சேராது.

இனி, பேக்கேஜில் இல்லாதது. இடம் யாருடையது, மைதானம் யாருடையது, கடன் யாருடையது?

சென்னையின் எஃப்.சி. 2014இல் தொடங்கிய கிளப், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை இரண்டு முறை வென்றது. அதுவே அரசின் நேரு ஸ்டேடியத்தில்தான் ஆடுகிறது. சொந்த மைதானம் இல்லாதது கிளப்புக்கு இழுக்கல்ல. அடுத்தவர் நிலத்தில் சொந்தப் பணத்தைப் புதைப்பதுதான் ஆபத்து. இங்கே வழக்கம் 11 மாத ஒப்பந்தம், வாய்வார்த்தையாக "அஞ்சு வருசம் ஓட்டிக்கங்க". ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாய்வார்த்தை கோர்ட்டில் நிற்காது. சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கமெல்லாம் நிலத்துக்காரர் டர்ஃபுக்கு விடுவதே விலை ஏறும்வரை காலி மனையைக் காவல் காக்கத்தான். அது அவர் உரிமை. நம் பாதுகாப்பு, பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்து, குறைந்தது புல்லின் ஆயுளுக்காவது, அதாவது ஏழெட்டு ஆண்டுக்கு, பதிவு செய்த குத்தகை. கம்பம், வலை, லைட், புல் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப்போகும் உரிமையும் அதில் இருக்கட்டும்.

கூட்டாளிகள் பத்துப் பேர் வெறும் பார்ட்னர்ஷிப்பாக இருந்தால் கடனுக்கு ஒவ்வொருவர் வீட்டுச் சொத்தும் பொறுப்பு. எல்எல்பி, அதாவது பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டு, என்றால் போட்ட பணத்தோடு போகும். லாபம் வேண்டாம், கிளப் மட்டும் போதும் என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம்.

வெளிநாட்டு ரசிகர்கள் செய்ததை இங்கே செய்யலாமே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 2002இல் லண்டன் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்தபோது ரசிகர்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். ஆடிக்கொண்டிருந்த மைதானத்தைச் செல்சி கிளப்புக்கு விற்று, மிச்சத்துக்கு ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்று, 2020இல் பழைய பேட்டையில் புதிய மைதானம் திறந்தார்கள். வட்டியைக்கூடக் கொடுப்பவரே தேர்ந்துகொள்ளும்படி வைத்திருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் தெரிந்தவர், தெரியாதவரிடமெல்லாம் "வட்டி தர்றோம்" என்று வசூலித்தால் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். கூட்டாளியின் மூலதனம், சங்க உறுப்பினர் சந்தா, வங்கிக் கடன் என்ற வட்டத்துக்குள் இருப்பதே நல்லது.

கடன் வாங்கினால் தவணைக் காலம்தான் உயிர்நாடி. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: மணிக்கு 1,000 ரூபாய், தினமும் மாலையில் ஆறு மணி நேரம், அதில் அறுபது சதவீதம் புக்கிங். மாதம் 1,08,000. இட வாடகை 30,000, இரண்டு ஆள் சம்பளம் 30,000, கரண்ட் 5,000, பராமரிப்பு 5,000. புல் ஏழெட்டு ஆண்டு வந்தாலும், முன்னெச்சரிக்கையாக ஐந்து ஆண்டிலேயே மாற்ற ஆறு லட்சம் ஆகும் என்று வைத்தால் மாதம் 10,000 எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் 28,000. பத்து லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை 33,214. மாதாமாதம் கையை விட்டுப் போடுவீர்கள். அதே கடன் 60 மாதத்துக்கு என்றால் 22,244, மூச்சு விடலாம். லண்டனின் டாட்டன்ஹாம் கிளப் 2019இல் புதிய ஸ்டேடியத்தைத் திறந்த சில மாதங்களிலேயே 52.5 கோடி பவுண்டு கடனைச் சராசரி 23 ஆண்டுத் தவணைக்கு மாற்றியது இதே காரணத்துக்காகத்தான். சீட்டு எடுத்து டர்ஃப் போடுபவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். மழை மாதத்தில் மைதானம் காலியாகக் கிடக்கும், சீட்டுக்காரர் தேதி தவறாமல் வருவார்.

இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் உடைப்பது ஓசி ஸ்லாட். பத்துப் பங்குதாரரும் தத்தம் நண்பர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் எடுத்தால் மாதம் 43 மணி நேரம். அதுவும் சனி, ஞாயிறு மாலையாகவே இருக்கும். பங்குதாரருக்கு வார நாள் மட்டும், இல்லையேல் பாதி வாடகை என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். புக்கிங் நிரம்பினால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டி பதிவு வரும் என்பதையும் விலை வைக்கும்போதே நினைவில் வையுங்கள்.

ஏற்காட்டில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்த பேக்கேஜ் அங்கே செல்லாது. சரிவை வெட்டித் தாங்குசுவர் கட்ட வேண்டும், மலைப்பகுதி விதிகளின் அனுமதி வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ரோல் வர வேண்டும். மேகமூட்டத்தில் பாசியும் பிடிக்கும். அங்கே இயற்கைப் புல்லே போதும்.

பேக்கேஜ் எடுப்பது என்று முடிவானால் பணத்தை இப்படிப் பிரியுங்கள்: முன்பணம் 20 சதவீதம், வாட்டம் சரிபார்த்த பின் 30, புல் விரித்த பின் 30, மணலும் ரப்பரும் எடை பார்த்துக் கொட்டிய பின் 10. கடைசி 10 முதல் பெருமழை ஓய்ந்து, ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் எங்கும் தண்ணீர் தேங்கவில்லை என்றால் மட்டும். தையில் வேலை முடிந்தால் அந்த மழைக்குச் சித்திரை, வைகாசி ஆகும், அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பார்கள். டேங்கர் லாரியை வரவழைத்து ஊற்றிப் பார்க்கலாம், செலவு எங்களுடையது என்று சொல்லுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.