சுவர் கட்ட ஊருக்குப் போனேன்

இந்தத் தடவை ஊருக்குப் போனது கல்யாணத்துக்கோ கோவிலுக்கோ இல்லை. அம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச் சுவர் ஐப்பசி மழையில் சரிந்துவிட்டது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில், தேயிலைச் சரிவின் பாதியில் இருக்கிறது வீடு. அப்பா டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிப் போட்ட ஐந்து சென்ட். நான் சிங்கப்பூர் வந்து 16 வருடம் ஆகிறது. பொங்கல் முடிந்த கையோடு மூன்று வார விடுப்பில் கிளம்பினேன்.

கோவையில் இறங்கி டாக்சி. அதற்கு முன்பே இ-பாஸ் எடுத்தாக வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளி வண்டிகளுக்கு இது கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் கொடுத்துப் பதியலாம். ஐந்து நிமிடத்தில் முடிந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2025 கோடையில் இன்னும் ஒரு படி மேலே போய், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். மலை எத்தனை வண்டி தாங்கும் என்று பார்த்துச் சொல்லும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போயிருக்கிறது. 1990 முதல் கார் வாங்கவே சிஓஇ என்ற உரிமைச் சான்றுக்குத் தனியாகப் பணம் கட்டும் ஊரில் இருக்கும் எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் டிரைவர் அண்ணன் கேட்டார்: "வண்டிய எண்ணிட்டாங்க, சரிங்க. மேல கட்டுற கட்டடத்த யாருங்க எண்றாங்க?"

அந்தக் கேள்விக்கான பதிலை எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பார்த்தேன்.

சுவரைப் பார்க்க வந்த மேஸ்திரி அப்பா காலத்து ஆள். சரிந்த கல்லைப் பார்க்கவே இல்லை, நேராக மேட்டில் ஏறிப் போனார். அங்கே நான் போன முறை வந்தபோது இல்லாத ஒரு தங்கும் விடுதி. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்று. அதன் மழைத்தண்ணீர்க் குழாய், காட்டு ஓடையில் சேராமல் எங்கள் மேட்டில் வந்து முடிகிறது. "சொவரு சும்மா விழல கண்ணு. பின்னால தண்ணி நின்னு தள்ளியிருக்கு. பழசுல வீப் ஹோல், அதான் தண்ணி வெளிய வர்ற ஓட்டை, ரெண்டே ரெண்டுதான், அதுவும் அடைச்சிருக்கு" என்றார். சிமென்ட் சுவரை எவ்வளவு தடிமனாகக் கட்டினாலும் பின்னால் நிற்கும் நீருக்கு வழி விடாவிட்டால் அது ஒரு நாள் சரிந்துவிடும். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, நான்கடிக்கு ஒரு ஓட்டை விட வேண்டும் என்றார். அந்த ஓட்டையில் தெளிந்த தண்ணீர் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம், கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தமாம்.

எங்கள் பக்கத்தில் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழையின் மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர். மலை முழுக்க ஒரே தண்ணீர்தான், மேல் வீட்டுக்காரர் விட்டது கீழ் வீட்டுக்காரர் தலையில்.

சரி, முறைப்படி செய்வோம் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். எந்தெந்த அலுவலகம் என்பது வேண்டாம். சரிவில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், போர்வெல் போடவும் அப்படித்தான். நல்ல விதி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் வைத்தே மண் எடுத்தோம். வீடு கட்டுவதானால் வனத்துறை, வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கம், வருவாய் என்று தனித்தனியாகத் தடையில்லாச் சான்று. 1990-இல் அமைத்த மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தை ஊரில் ஹாகா என்றுதான் சொல்வார்கள். மலை நகரங்களுக்கென்றே 1993-இல் கட்டட விதிகள் வந்தன. உயரம் 7 மீட்டருக்கு மேல் கூடாது. ஆக, விதிக்குப் பஞ்சமில்லை. ஆனால் "எங்கள் சரிவு மொத்தத்துக்கும் தண்ணீர் எந்த வழியாக இறங்க வேண்டும், அந்த வரைபடம் எங்கே?" என்று கேட்டபோது, ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டியது. கட்டடம் ஒருவருடையது, ஓடை இன்னொருவருடையது, ரோட்டோரக் கால்வாய் மூன்றாமவருடையது. ஒரு இடத்தில் மனுவை வாங்கி எண் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் சர்வேயர் லீவு. மூன்று நாள் போனேன், மூன்று நாளும் லீவு.

சிங்கப்பூரில் நிலப் பயன்பாட்டுக்கான மாஸ்டர் பிளானை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். எந்த மனையில் என்ன வரலாம் என்பதை வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பிடுவது நியாயமா என்று எனக்கே சந்தேகம்தான். அங்கே ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே சுமார் 164 மீட்டர். குன்னூர் 1,800 மீட்டரைத் தாண்டும். ஆனால் சரிவு கூடக் கூட அந்த வரைபடத்தின் தேவையும் கூடத்தானே செய்யும்?

ஊரில் எல்லாமே இப்படி என்று எழுதினால் அம்மா கோபித்துக்கொள்வாள். மகளிர் இலவசப் பேருந்து 2024-இல் மலைப்பகுதிக்கும் வந்துவிட்டது. முன்பு வாரம் ஒரு தடவை மார்க்கெட் போனவள், இப்போது மூன்று தடவை போகிறாள். பாதி நாள் காய்கூட வாங்குவதில்லை, அது வேறு விஷயம். சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டால் ஜீப்தான். தெருக்கோடி டாஸ்மாக்கில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். 2022-இல் நீலகிரியில்தான் இதை முதலில் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் பையன் புதருக்குள் பாட்டில் தேடியே செலவுக்குச் சம்பாதிக்கிறான். சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், லிட்டர் 5 ரூபாய். நான் நின்ற மூன்றில் ஒன்று காசை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சுவர் முடிந்தது. ஜல்லி, ஓட்டை எல்லாம் மேஸ்திரி சொன்னபடி. விடுதி மேலாளரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக டீ கொடுத்தார். முதலாளி பெங்களூரில் இருக்கிறார், வந்ததும் குழாயை மாற்றச் சொல்கிறேன் என்றார். மனு எண்ணை அம்மா காலண்டரில் எழுதி வைத்தாள்.

மே மாதம் கோடை மழை பிடித்த இரவில் அம்மா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள். டார்ச் வெளிச்சத்தில் சுவர், வரிசையாக ஓட்டைகள், எல்லாவற்றிலும் தண்ணீர். பெரிதாக்கிப் பார்த்தேன். இடமிருந்து மூன்றாவதில் மட்டும் செம்மண் நிறம். அது அந்தக் குழாய்க்கு நேர் கீழே.