ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, "உங்கள் நூலை நாங்கள் போட்டுத் தருகிறோம்" என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்: 1,12,000 ரூபாய் பறிபோனது

பணி ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்கள், குறிப்பாகத் தம் ஊரைப் பற்றியோ தாம் நடத்திய பாடத்தைப் பற்றியோ எழுதிய கையெழுத்துப் படியைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள், இதை முழுவதும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதியவரிடமே பணம் வாங்கிக்கொண்டு நூல் அச்சிட்டுத் தரும் சென்னை நிறுவனம் ஒன்று, என்னிடம் 1,12,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, யாருக்கும் கொடுக்க முடியாத குப்பையை அனுப்பிவிட்டு, "அச்சான நூலுக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை" என்று நேற்று மாலை ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் என் புகார் மனுவில் இருக்கிறது, இங்கே எழுதவில்லை. இதே வழியில் பிழைப்பவர்கள் இன்னும் பலர் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன், ஆகவே அவர்கள் எப்படி வருவார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களைப் போன்றவர்களின் ஓய்வுக்கால வாழ்க்கை எப்படி என்று பலருக்குத் தெரியாது. மாதக் கடைசியில் ஓய்வூதியம் வங்கியில் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை கருவூல நேர்காணலுக்குப் போய் உயிரோடிருக்கிறோம் என்று காட்டிவிட்டு வர வேண்டும். அதற்கு மேல் நம்மிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பேசிப் பழகியவனுக்கு அந்த அமைதி எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. நான் என் நேரத்தைத் தாமிரபரணியின் கால்வாய்களுக்குக் கொடுத்தேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், கட்டப்பட்டது. மற்றவை அதற்கு முற்பட்டவை. பள்ளியில் வடநாட்டு அணைகளான பக்ரா நங்கலும் ஹிராகுட்டும் நடத்தியிருக்கிறேன். தங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் அணைக்கட்டின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சிறு நூல் இல்லையே என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் குறை அவசரமாக மாறியது. 1992 நவம்பரில் வந்த வெள்ளத்தையும் இதையும் கண்ணால் கண்டு ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எந்த மடை வழியாக நீர் உள்ளே வந்தது, எந்தக் குளத்தின் உபரி நீர் வெளியேறும் மறுகால் அடைபட்டிருந்தது, கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர்ப் பங்கீடு எப்படி நடந்தது என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். சேரன்மகாதேவி, வீரவநல்லூர்ப் பக்கம் போகும் கன்னடியன் கால்வாயைப் பற்றி மட்டும் தனி நோட்டு ஒன்று ஆயிற்று. கன்னட தேசத்திலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவர் பசு நடந்த வழியே அதை வெட்டினார் என்ற கதையை ஊருக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள், அத்தனை விதங்களையும் பதிவு செய்திருந்தேன். இவற்றோடு, மடை திறக்கும் பணியைப் பரம்பரையாகச் செய்த குடும்பங்கள் நம்பிக் கொடுத்த பழைய புகைப்படங்களும் இருந்தன.

இதில் ஒரு பகுதியை முகநூலில் எழுதியபோதுதான் அந்த நிறுவனத்தார் தொடர்பு கொண்டார்கள். தொலைபேசியில் பேசியதோடு நில்லாமல், "பதிப்பு மேலாளர்" என்று சொல்லிக்கொண்ட இளைஞர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். நம்பிக்கை அன்றைக்குத்தான் ஏற்பட்டது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், வீட்டுக் கூடத்தில் தரையில் அமர்ந்து, நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். "இவ்வளவு நாளா இது டிரங்குப் பெட்டியிலயா கெடந்துச்சு? எங்க தாத்தாவும் வாத்தியார்தான் ஐயா. அவரு எழுதினது எல்லாம் கரையான் தின்னுட்டு. உங்களுக்கு அப்படி ஆக விடமாட்டேன்" என்றார். என் மனைவி இட்லி வைத்தாள். "எங்க அம்மா கையால சாப்பிட்ட மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிச் சாப்பிட்டார். தாத்தாவின் கதை உண்மையோ பொய்யோ, அதை அவர் எங்கே சொன்னால் பலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னார். திருநெல்வேலியிலும் தென்காசியிலும் உள்ள வேறு இரண்டு ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடமும் இதே தாத்தாவும் இதே கரையானும் போயிருக்கின்றன என்பது இப்போதுதான் தெரியவருகிறது.

ஒப்பந்தத்தில் கண்டபடி 240 பக்கம், 300 பிரதிகள், புகைப்படங்கள் தனியாக வழவழப்பான தாளில், சர்வதேச நூல் எண்ணான ஐஎஸ்பிஎன், சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பனை, அரசு நூலகங்களுக்கு நூலை வாங்கிக்கொள்ளும் நூலக ஆணை எல்லாம் உண்டு. தட்டச்சுக்கும் பக்க வடிவமைப்புக்கும் 30,000, அச்சுக்கு 60,000, ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு 6,000, விளம்பரத்துக்கும் நூலக ஆணை விண்ணப்பத்துக்கும் 16,000, ஆக 1,12,000 ரூபாய். என் பணிக்கொடையில், மகளின் கல்யாணச் செலவு போக மிச்சமிருந்ததிலிருந்து அதைக் கொடுத்தேன். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் நாள்தோறும் இரண்டு அழைப்பு வரும். தவணை போய்ச் சேர்ந்ததும் பேச்சு நின்றுவிடும்.

வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தவர்களும் அவர்கள்தான். அழைப்பிதழ் அச்சாகி, பழைய மாணவர்கள் தூத்துக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் விடுப்பு எடுத்து வந்தார்கள். முதல் பிரதியை வாங்கிக்கொள்ள, கன்னடியன் கால்வாயில் ஆயுள் முழுவதும் மடை பார்த்த பெரியவர் ஒருவரைப் பேரன் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தான். நூல்கள் வரவில்லை. காலையில் "பார்சல் ஏத்தியாச்சு ஐயா" என்றார்கள். பத்து மணிக்கு "வண்டி கோவில்பட்டி தாண்டிட்டு" என்றார்கள். அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. அட்டைப் படத்தின் பெரிய பிரதி ஒன்று மட்டும் முந்தின நாளே வந்திருந்தது, அதை வைத்து விழாவை நடத்தினோம். பெரியவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புத்தகம் எங்க சார்வாள்?" என்று கேட்டார். பணம் போனதைவிட அந்தக் கேள்வி என்னை இன்றும் சுடுகிறது. உண்மையில் அன்றைக்கு அச்சு வேலையே தொடங்கியிருக்கவில்லை என்பது, பிற்பாடு அவர்களே அனுப்பிய அச்சக ரசீதின் தேதியிலிருந்து தெரிந்தது.

பல வாரம் கழித்துப் பார்சல் வந்தது. 300 பிரதிகளுக்குப் பதில் 40 பிரதிகள். "மீதி, ஆர்டர் வர வர அச்சடிச்சுக் கொடுப்போம் சார்" என்று விளக்கம். கன்னடியன் கால்வாய் நூல் முழுவதும் "கண்ணாடியன்" கால்வாய் ஆகியிருந்தது. நதியுண்ணி "நதி உண்ணி" என்று பிரிந்து கிடந்தது. நான் இரண்டு முறை திருத்தி அனுப்பிய மெய்ப்பை ஒருவரும் திறந்தே பார்க்கவில்லை. ஓர் அத்தியாயம் இரண்டு முறை வந்திருந்தது, மருதூர் அணைக்கட்டைப் பற்றியது வரவே இல்லை. புகைப்படங்கள் சாதாரணத் தாளில் கரிப் பிடித்து, யார் முகம் என்றே தெரியாமல் இருந்தன. பின்னட்டையில் இருந்த ஐஎஸ்பிஎன் எண்ணை என் முன்னாள் மாணவி ஒருத்தி இணையத்தில் தேடினாள். அது ஒரு சமையல் நூலின் எண். அந்த எண்ணுக்குத்தான் 6,000 ரூபாய்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. "டிசைனர் லீவுல இருக்காரு." "புத்தகக் காட்சி முடியட்டும், பேசுவோம்." "சார் மீட்டிங்ல இருக்காங்க, நீங்க வாட்ஸ்அப்ல போடுங்க." போட்டால் நீல நிறக் குறி விழும், பதில் விழாது. வேறு எண்ணிலிருந்து அழைத்தால் ஒரு பெண் குரல் மிகுந்த பணிவோடு என் பெயரையும் நூலின் பெயரையும் முதலிலிருந்து கேட்டுக் குறித்துக்கொள்ளும். மறுநாளும் அதே குரல், அதே கேள்விகள். என் வீட்டில் இட்லி சாப்பிட்ட இளைஞர், "நீங்க வாத்தியாரு, பொறுமைன்னா என்னன்னு எங்களுக்கு நீங்கதானே சொல்லித் தரணும்" என்றார். 1,12,000 ரூபாயை விழுங்கிவிட்டுப் பேசுகிற பேச்சா இது? நூலக ஆணை என்னவாயிற்று என்று கேட்டதற்கு, "அரசாங்க விஷயம் சார், எங்க கையில இல்லையே" என்றார்கள். பொது நூலகத் துறை அறிவிக்கும்போது மாதிரிப் பிரதியோடு விண்ணப்பித்து, தேர்வும் ஆனால்தான் ஆணை என்பது எனக்கும் தெரியும். விண்ணப்பித்த சான்றையாவது காட்டச் சொன்னேன். காட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தப்படி பதிப்புரிமை தங்களுடையது என்றும், இந்த நூலை நான் வேறு எங்கும் அச்சிடக் கூடாது என்றும் மிரட்டுகிறார்கள். காலவரையறை குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டி எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் நேற்றைய அந்த ஒற்றை வரி.

"படித்தவர் நீங்களே இப்படி ஏமாறலாமா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஏற்கமாட்டேன். கையொப்பமிட்ட ஒப்பந்தம் இருந்தது, வங்கி வழியாகப் பணம் போனது, ரசீது வந்தது. ஒரு மனிதன் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்துத்தான் கொடுத்தேன். குற்றம் ஏமாற்றியவனுடையது. அதை மாற்றிச் சொல்லும் ஊரில்தான் இவர்கள் துணிந்து வீடு தேடி வருகிறார்கள்.

பணத்தைக்கூட விட்டுவிடலாம். ஸ்கேன் எடுப்பதற்கு மூலப் படமே வேண்டும் என்று வாங்கிப்போன பழைய புகைப்படங்கள் இன்னும் திரும்பவில்லை. அவை என்னுடையவை அல்ல. கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் தாத்தாவின் ஒரே படத்தை நூலில் வருமே என்று சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள். அந்தத் தெரு வழியாக நான் இப்போது நடப்பதில்லை.

செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். நூலக ஆணை நிச்சயம் என்று எவர் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மூலப் படங்களைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். அச்சான ஒரு பிரதியைக் கண்ணால் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் என் பழைய மாணவன் இதே 300 பிரதிகளைப் பாதிப் பணத்துக்கும் குறைவாகவே அடித்துக் கொடுத்திருப்பேன் என்கிறான். உங்கள் மாணவர்களிலும் அப்படி ஒருவர் இருப்பார், முதலில் அவரைக் கேளுங்கள்.

ஏற்கெனவே சிக்கியவர்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். நான் 1,12,000 ரூபாயையும் புகைப்படங்களையும் கேட்டுப் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பிவிட்டேன்; நாளை திருநெல்வேலிக்குப் போய்ப் புகாரைத் தாக்கல் செய்கிறேன். தாத்தாவின் கரையான் கதையைக் கேட்டுப் பணம் கொடுத்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், ரசீதுகளோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே மாவட்டத்துக்காரர்கள் என்றால் சேர்ந்தே போகலாம்.