வைஃபை காட்டும் இடம்: மருந்து கொண்டுபோகிறவர்களுக்கு எவ்வளவு நம்பகம்?

திருகோணமலை நகரில் மருந்தகம் நடத்துகிறேன். நடமாட முடியாத முதியவர்களுக்கு மாத மருந்துகளை வீட்டுக்கே அனுப்புகிறோம். அவர்கள் கைப்பேசியில் அனுப்பும் இடக்குறிப்பைப் பார்த்துத்தான் எங்கள் தம்பி மோட்டார் சைக்கிளை எடுக்கிறார். அந்தக் குறிப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து, வைஃபை சமிக்ஞையைக் கொண்டு கணிக்கப்படுவது.

நகருக்குள் இது அருமையான வசதி. கொங்கிறீட் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் திணறும்போது வைஃபைதான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் அடையாள எண்ணை ஓயாமல் ஒலிபரப்புகிறது. கைப்பேசி அந்த எண்களையும் சமிக்ஞையின் வலுவையும் அனுப்ப, எந்த ரவுட்டர் எங்கே என்று முன்பே திரட்டிய பட்டியலோடு ஒப்பிட்டு இடம் கணிக்கப்படுகிறது. கடவுச்சொல்லும் வேண்டாம், அந்த வைஃபையோடு இணையவும் வேண்டாம். கடைகள் நெருங்கிய என்.சி. வீதியில் சரியான வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

நிலாவெளிப் பக்கம் அப்படியல்ல. பெரிய வளவுகள், ரவுட்டர்கள் குறைவு. தொலைபேசிக் கோபுரத்தை மட்டும் நம்ப நேர்ந்தால் கணிப்பு நூற்றுக்கணக்கான மீட்டர் விலகலாம். அப்போது நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் விரிந்துவிடும். புள்ளியை விட்டு அந்த வட்டத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு கணக்கில், ஆள் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பே உண்டு. அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு தடவை அவர் வட்டத்துக்கு வெளியே இருப்பார்!

எனக்கு உண்மையில் கோபம் வந்தது ஒரு வீடு மாற்றத்தில். மனையாவெளியிலிருந்து சாம்பல்தீவுக்குக் குடிபோன ஓர் அம்மா ரவுட்டரையும் எடுத்துச் சென்றார். பட்டியலில் அது இன்னும் பழைய வீட்டிலேயே இருந்தது. புது வீட்டைச் சுற்றி வேறு ரவுட்டரும் இல்லை. இன்சுலின் இருந்த ஐஸ் பெட்டியோடு தம்பி உச்சி வெயிலில் பூட்டிய படலைக்கு முன்னால் நின்றார். அன்று வட்டமும் சிறிதாகத்தான் இருந்தது. சந்தேகப்பட இடமே இல்லை. "நான் வீடு மாறிவிட்டேன்" என்று அந்த அம்மா தட்டிச் சொல்ல அந்தத் திரையில் ஒரு பொத்தான் வைத்திருக்கக் கூடாதா?

நகருக்குள் ஐந்துக்கு நான்கு தருவேன், வெளியே இரண்டுதான். முற்றத்துக்கு வந்து, வானம் தெரியும் இடத்தில் நின்று இடக்குறிப்பை அனுப்பச் சொல்லுங்கள். திறந்தவெளியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் பொதுவாக 5 மீட்டருக்குள் காட்டிவிடும். எழுந்து வர முடியாதவர் என்றால், அதுவும் இன்சுலின் என்றால், முதலில் அழைத்து வழி கேட்ட பிறகே எங்கள் வண்டி புறப்படுகிறது.